ஆண்களுக்கான ஹார்மோன் ரத்தப் பரிசோதனை: காலையில் போங்கள், இரண்டு முறை போங்கள்

முதன்முதலில் நான் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைப் பார்த்துக்கொண்டது ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு. மதியம் மூக்குமுட்டச் சாப்பிட்டிருந்தேன். முந்தைய இரவு தூங்கியது நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். ரிப்போர்ட்டில் 248 என்று வந்தது, பக்கத்திலேயே 'குறைவு' என்று தடித்த எழுத்து. இரண்டு நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு மருத்துவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, இரவு ஒழுங்காகத் தூங்கி எழுந்து, காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 431. இடையில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. உடம்பு அதே உடம்புதான், ரத்தம் கொடுத்த நேரமும் விதமும்தான் மாறின.

நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தில் ஒருமுறை ஏமாந்து, பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டவன். முதல் தடவை பரிசோதனைக்குப் போகிறவர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

படி 1: எதற்காகப் பார்க்கிறீர்கள்?

இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக லேபுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். சோர்வு, எரிச்சல், மறதி, தொப்பை, எதிலும் மனம் ஒட்டாமை, இந்தப் பட்டியலை எங்காவது படித்துவிட்டு "ஐயோ, எல்லாமே எனக்கு இருக்கிறதே" என்று கிளம்புவோம். ஆனால் தூக்கம் கெட்டாலும் இவை வரும். மனச்சோர்வு, தைராய்டு குறைவு, ரத்தசோகை, சர்க்கரை என்று எதிலும் வரும். ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. குறைந்த டெஸ்டோஸ்டிரோனோடு உண்மையிலேயே ஒட்டி வந்த அறிகுறிகள் மூன்றுதான் என்று அதில் தெரிந்தது: காலையில் எழும்போது வரும் விறைப்பு குறைவது, பாலுணர்வு நாட்டம் குறைவது, உறவின்போது விறைப்பு நிற்காமல் போவது. இந்த மூன்றும் சேர்ந்து, ரத்த அளவும் குறைந்து இருந்தவர்கள் மொத்தத்தில் 2.1 சதவீதம்.

அந்த மூன்று தவிர வேறு சில காரணங்களுக்காகவும் மருத்துவர்கள் இந்தப் பரிசோதனையை எழுதித் தருவார்கள். குழந்தை தாமதமாவது, மார்பு பெரிதாகி வலிப்பது, தாடியும் உடல் ரோமமும் குறைவது, விதைகள் சுருங்குவது, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவது, காரணம் தெரியாத ரத்தசோகை. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளை நீண்ட நாள் எடுப்பவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ அல்லது கதிர்வீச்சு பெற்றவர்கள், ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் விஷயத்திலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. இதில் எதுவுமே இல்லாமல் "சும்மா ஒரு செக்கப்" என்று போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 2: எந்தெந்தப் பரிசோதனை?

தொடக்கத்தில் ஒன்றே ஒன்று போதும்: மொத்த டெஸ்டோஸ்டிரோன், ஆங்கிலப் பெயரில் 'டோட்டல் டெஸ்டோஸ்டிரோன்'. அது குறைவாகவோ எல்லைக்கோட்டிலோ இருந்தால்தான் மற்றவை வரும்.

ஆனால் லேபில் 'ஆண்கள் ஹார்மோன் பேக்கேஜ்' என்று இருபது பெயர்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ரிப்போர்ட்டில் போடும் இயல்பு எல்லை என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் நடுவில் நிற்கும் 95 சதவீதத்தினரின் அளவு. அதாவது எந்த நோயும் இல்லாத ஒருவருக்கும், எந்த ஒரு பரிசோதனையிலும், எல்லைக்கு வெளியே போக 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை எடுத்தால், ஏதாவது ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. நல்ல உடம்போடு போய்க் கவலையோடு திரும்புவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. வளர்ச்சி ஹார்மோனை ஒற்றை ரத்த மாதிரியில் பார்ப்பதும் அப்படித்தான். அது விட்டு விட்டுச் சுரப்பது, எடுத்த நிமிஷத்தைப் பொறுத்து எண் மாறும்.

இரண்டாம் கட்டத்தில் வரும் பெயர்களைப் புரிந்துகொள்ள, உடம்பு இதை எப்படி நடத்துகிறது என்று தெரிய வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிதான் ரத்தம், தண்ணீர்தான் டெஸ்டோஸ்டிரோன். தண்ணீர் ஊறும் கிணறு விதை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் மோட்டார். அதற்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் ஓடுகிறதா என்பதை எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களின் அளவு சொல்லும். எல்எச் விதையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். எஃப்எஸ்எச் விந்தணு உற்பத்தியைப் பார்த்துக்கொள்ளும். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவற்றோடு டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதம், பிட்யூட்டரியில் சுரக்கும் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன், தைராய்டுக்கு டிஎஸ்எச், இவ்வளவுதான் பெரும்பாலும் தேவைப்படும். எஸ்ட்ராடியால் என்ற பெண் ஹார்மோன் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டாம். மார்பு பெரிதாகும் பிரச்சினை இருந்தால் கேட்கலாம். ஆண்களிடம் அது மிகக் குறைவாக இருப்பதால் சாதாரண முறையில் அளந்தால் துல்லியம் போதாது, மூலக்கூறுகளை எடையால் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்யும் லேபாகப் பார்த்துக் கொடுங்கள்.

படி 3: ரத்தம் கொடுப்பதற்கு முன்

கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நேரம். காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பொழுது ஏற ஏற இறங்கும். இளைஞர்களுக்கு இந்த இறக்கம் பெரிது, வயது ஏறினால் ஏற்றத்தாழ்வு கொஞ்சம் தட்டையாகிவிடும். அதற்காக அறுபது வயதுக்காரர் மாலையில் போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லை எண்களெல்லாம் காலை ரத்தத்தை வைத்துப் போட்டவை. இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்குக் கடிகாரக் காலை பயன்படாது. அவர்கள் தங்களுடைய முக்கியமான தூக்கம் முடிந்து எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுப்பதே சரி. மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

வயிறு. வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்துப் பார்த்த ஆய்வில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாகக் கால்வாசி இறங்கியது. "ஹார்மோனுக்கு எதற்குப் பட்டினி, சர்க்கரைக்குத்தானே?" என்று என்னிடம் லேபிலேயே ஒருவர் கேட்டார். சர்க்கரைக்கும் இதற்கும் இப்படி ஓர் உறவு இருப்பது பலருக்குத் தெரியாது.

தூக்கம். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் 5 மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தார்கள். அவர்களின் பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது. ஆக, கண்விழித்த வாரத்தில் போகாதீர்கள். முந்தைய நாள் மதுவும் வேண்டாம், மாரத்தான் ஓட்டமும் வேண்டாம்.

நோய். காய்ச்சல், தொற்று, அறுவைச் சிகிச்சை என்று உடம்பு வேறு ஒரு சண்டையில் இருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் தற்காலிகமாகச் சரியும். முழுக்கத் தேறிச் சில வாரங்கள் போகட்டும்.

பயோட்டின். இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் மிக அதிக அளவில் இருக்கும். பல லேப் கருவிகள் பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்தே அளவிடுகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கருவி ஏமாறும். அப்படிப்பட்ட கருவிகளில் டெஸ்டோஸ்டிரோனும் எஸ்ட்ராடியாலும் உள்ளதைவிட அதிகமாகத் தெரியலாம், எல்எச், எஃப்எஸ்எச், டிஎஸ்எச் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் ஆளே ரகசியமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார் என்று மருத்துவருக்குச் சந்தேகம் வரும்! அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்னதாக நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த பெரிய டோஸ் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு.

மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலி மருந்து, மனநல மருந்து, வாந்திக்குச் சாப்பிடும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு எல்லாம் அதில் இருக்கட்டும், கடைசியாகச் சொன்ன இரண்டும் ப்ரோலாக்டினைத் தூக்கிவிடும். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி, பெயர் தெரியாத மாத்திரை இருந்தால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். மறைத்தால் ரிப்போர்ட் யாருக்கும் புரியாது.

ப்ரோலாக்டின் எடுக்கிறார்கள் என்றால் வந்ததும் கையை நீட்டாமல் பத்துப் பதினைந்து நிமிஷம் அமைதியாக உட்காருங்கள். பதற்றத்துக்கே அது ஏறும். கூடவே பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் பரிசோதனையும் இருந்தால் இரண்டு நாள் முன்பிருந்து விந்து வெளியேற்றத்தையும் நீண்ட தூர சைக்கிளையும் தவிர்த்துவிடுங்கள்.

ரத்தம் எடுப்பது மற்ற எந்தப் பரிசோதனையையும் போலத்தான். ஒரு ஊசி, ஒன்றிரண்டு குழாய். கிறுகிறுப்பு வருகிறவர் என்றால் படுத்துக்கொண்டே கொடுக்கலாம். கிளம்பும் முன் ஒரு காரியம்: ரத்தம் எடுத்த நேரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று தரும், சில லிட்டருக்கு எத்தனை நானோமோல் என்று தரும். நானோமோல் எண்ணை 28.8ஆல் பெருக்கினால் நானோகிராம் எண் கிடைக்கும். 15 என்று பார்த்துப் பயந்தவர் உண்டு, அது 432. (எவ்வளவு சின்ன அளவு என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஓர் ஆணின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் உள்ள டெஸ்டோஸ்டிரோனைத் திரட்டினால் ஒரு பொடி உப்புத் துகளின் எடைகூட வராது. அதைத்தான் கருவி அளந்து சொல்கிறது.)

அடுத்து எல்லை. பருமன் இல்லாத, 19 முதல் 39 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான ஆண்களை வைத்து, பல லேப்களின் அளவுகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து போட்ட எல்லை 264 முதல் 916 நானோகிராம் வரை. அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 300க்குக் கீழே என்றால் குறைவு என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டிகள் 12 நானோமோலை, அதாவது சுமார் 346ஐக் கோடாக வைக்கின்றன. 8 நானோமோலுக்கும் கீழே போனால் சந்தேகத்துக்கு இடமில்லை என்பது பொதுக் கருத்து. அமைப்புகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். 290க்கும் 310க்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு எதுவும் கிடையாது. உங்கள் எண்ணை உங்கள் லேப் போட்டிருக்கும் எல்லையோடு பாருங்கள், நண்பர் வேறு லேபில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு வருத்தப்படாதீர்கள். "இந்த வயதுக்கு 700 இருக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார்.

மொத்த அளவு எல்லைக்கோட்டில் இருக்கும்போதுதான் எஸ்எச்பிஜி பேச்சுக்கு வருகிறது. ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் தனியாகத் திரிவது சுமார் 2 சதவீதம்தான். ஒரு பங்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் தளர்வாக ஒட்டியிருக்கும், தேவைப்பட்டால் கழன்று வரும். இன்னொரு பெரும் பங்கை எஸ்எச்பிஜி இறுக்கிப் பிடித்திருக்கும். பருமனும் இரண்டாம் வகைச் சர்க்கரையும் தைராய்டு குறைவும் எஸ்எச்பிஜியைக் குறைக்கும். அப்போது மொத்த எண் இறங்கினாலும் தனியாகத் திரியும் பங்கு சரியாகவே இருக்கலாம். வயதும் கல்லீரல் நோயும் தைராய்டு மிகுதியும் அதை ஏற்றிவிடும். மொத்த எண் அழகாகத் தெரியும், பயன்படும் பங்கு குறைந்திருக்கும்.

'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று நேரடியாகவே விற்கிறார்களே என்று கேட்கலாம். அந்த மலிவான நேரடி முறை நம்பத்தக்கதல்ல என்று வழிகாட்டிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. சமநிலை டயாலிசிஸ் என்ற முறைதான் உரைகல், அது எல்லா இடத்திலும் கிடைக்காது. மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்எச்பிஜி, ஆல்புமின் மூன்றையும் வைத்துச் சூத்திரத்தில் கணக்கிடுவது நடைமுறைக்குப் போதும். மருத்துவரே செய்துவிடுவார்.

படி 5: குறைவு என்று வந்தால் மறுபடியும்

ஒரே ஒரு குறைந்த எண்ணை வைத்து யாருக்கும் சிகிச்சை தொடங்கக் கூடாது. முதல் முறை குறைவாக வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு அடுத்த முறை இயல்பாக வந்துவிடுகிறது. நானும் அந்தக் கணக்கில் சேர்ந்தவன்தான். சில வாரம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில், மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து போங்கள். இந்த முறை எல்எச், எஃப்எஸ்எச், ப்ரோலாக்டின், எஸ்எச்பிஜியும் சேர்த்து.

முதல் எண்ணைப் பார்த்தவுடனே ஊசி எழுதித் தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் 'குழந்தை வேண்டுமென்றால்' என்ற பகுதி வரை பொறுத்துப் படியுங்கள்.

படி 6: கிணறா, மோட்டாரா?

தொட்டி வற்றிக் கிடக்கிறது, மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது, அதாவது டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் அதிகம் என்றால் கோளாறு கிணற்றில், விதையில். பழைய அடி, பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கியது, கீமோ, அல்லது பிறப்பிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் குறைபாடு. கடைசியாகச் சொன்னது நாம் நினைப்பதைவிடச் சாதாரணம், பலருக்குக் குழந்தைக்காகப் பரிசோதிக்கும்போதுதான் தெரியவே வருகிறது.

தொட்டி வற்றியும் மோட்டார் மெதுவாகவே ஓடுகிறது என்றால் கோளாறு மேலே. எல்எச் 'இயல்பு' என்று ரிப்போர்ட்டில் பச்சையில் இருந்தாலும் இது கோளாறுதான். தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருக்கலாமா? முதல் முறை பார்ப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பருமன், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், ஓபியாய்டு, ஸ்டீராய்டு, முன்பு போட்டுக்கொண்ட ஜிம் ஊசி, உடம்பில் இரும்புச்சத்து மிதமிஞ்சிச் சேரும் நோய், பிட்யூட்டரியில் கட்டி என்று காரணங்கள் நிறைய. ப்ரோலாக்டின் நிலையாக அதிகமாக இருந்தாலோ, டெஸ்டோஸ்டிரோன் 150க்கும் கீழே போயிருந்தாலோ, தலைவலியும் பக்கவாட்டுப் பார்வைக் குறைவும் சேர்ந்திருந்தாலோ மருத்துவர் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ கேட்பார். பார்வை மங்குகிறது என்றால் ரிப்போர்ட்டுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள்.

காரணம் பருமன் என்று தெரிந்தால் ஒரு நல்ல செய்தி: எடை குறையக் குறைய டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும்.

குழந்தை வேண்டுமென்றால்

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றுவது லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவது மாதிரி. தொட்டி நிரம்பிவிட்டது என்று மோட்டார் நின்றுவிடும். மோட்டார் நின்றால் விந்தணு உற்பத்தியும் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அந்த முடிவின்படி பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். 'ஆண்மைக்கு நல்லது' என்று ஊசி போட்டுக்கொண்டு, ஒரு வருஷம் கழித்துக் குழந்தை இல்லையே என்று நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே குழந்தை எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பரிசோதனையையும் விந்துப் பகுப்பாய்விலிருந்து தொடங்குங்கள், ரத்தம் அதற்கடுத்துத்தான்.

சிகிச்சை தொடங்கிவிட்டவர்களுக்கு

இங்கே காலை எட்டு மணி விதி அப்படியே பொருந்தாது, எந்த மருந்து என்பதைப் பொறுத்து நேரம் மாறும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்றால் இரண்டு ஊசிக்கும் நட்டநடு நாளில். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன். ஜெல் என்றால் பூசிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள். ஜெல் பூசிய தோலின் வழியாக ஊசி இறங்கினால் எண் தாறுமாறாக எகிறும், பூசாத கையைக் கொடுங்கள்.

ரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதற்கு ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். தொடங்கும் முன் ஒருமுறை, மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தியோ குறைத்தோ ஆக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு பிஎஸ்ஏவும் கூட வரும்.

ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரத்தம் கொடுத்த நேரம், முந்தைய இரவு தூங்கிய மணிக்கணக்கு, கடைசி டோஸ் எடுத்த தேதி மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள். மருத்துவரை மாற்றினால் அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.